மார்கிரட் ஆயாம்மாவின் இரண்டு சட்டங்கள்

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட யாரும் மார்கிரட் ஆயாம்மாவிடம் வாய் காட்டுவதில்லை. காட்ட முடியாது. யார் எத்தனை வயதுவரை பாயை நனைத்தார்கள், யார் மண்ணைத் தின்றார்கள், யார் அடுத்த பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கினார்கள் என்ற விவரமெல்லாம் அவர் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் மேடையேறி முழங்கும்போது ஆயாம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் போதும், தலைவரின் குரல் தானாக இறங்கிவிடும்.

அவர் எங்கள் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. இப்போது வாசலில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று போர்டு மாட்டி, ஆயாம்மாவுக்கும் நீளமான ஓர் உத்தியோகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய உயரம் நாலடி பத்தங்குலம். பெயர் அவரைவிட நீளம். இருபத்தொன்பது வருஷ சேவையில் முதல் வருஷத்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன். இப்போது தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர். என் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “ஜீவா, நகத்தக் காட்டு” என்பார். காட்டிவிடுவேன். வேறு என்ன செய்ய?

ஆயாம்மாவிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, காலையில் எந்தக் கை பிள்ளையைக் கொடுத்ததோ, சாயந்தரம் அந்தக் கையில்தான் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார். அப்பன், மாமன், தாத்தா என்று யார் வந்து நின்றாலும் கேட் திறக்காது. ஒருமுறை அவருடைய புருஷன் லோரன்ஸ், தங்கள் சொந்த மகனைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். “காலையில நாந்தான கொண்டாந்தேன். நீங்களா கொண்டாந்தீங்க?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். லோரன்ஸ் மாமா இதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆயாம்மாவுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காது.

இரண்டாவது சட்டம், நேரம் முடிந்தும் ஆள் வராத பிள்ளையைப் பற்றியது. மழையில் பாதை அடைபட்டோ, ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டோ தாய் வர முடியாமல் போனால், அந்தப் பிள்ளையைத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் தன் லயத்துக்குத் தூக்கிப்போய், சோறு ஊட்டித் தூங்கவைப்பார். லயத்தில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதில் ஒரு காலத்தில் நானும் தூங்கியிருக்கிறேன்.

இந்த இரண்டு சட்டங்களும் சேர்ந்து ஒருநாள் அவரை நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிறுத்தின.

தனுஷிகாவுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே தாய் டிலானி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அப்பன் அதற்கு முன்பே கொழும்புப் பக்கம் போனவன், போனவன் போனவன்தான். பெரியப்பா ஆண்டியப்பன் வீட்டில் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்பதைவிட, அந்த வீட்டில் இருந்தாள் என்று சொல்வது பொருத்தம். பாடசாலைக்கு வருவதை நிறுத்தினாள். பஜாரில் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் போய் நின்று எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்தே ஓட்டவும் பழகிவிட்டாள் என்பது, சுப்பிரமணியம் முதலாளியின் ஆட்டோ ஒருநாள் காணாமல் போனபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியதால் முதலாளி ஏசிவிட்டு விட்டுவிட்டார். இரண்டாவது தடவை, மூன்று மூட்டை கரட் கிழங்கோடு ஆட்டோ தேயிலை மலையின் வடிகால் கானுக்குள் இறங்கிக் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. பொலிஸ் வந்தபோது, கவிழ்ந்து கிடந்த ஆட்டோவில் சிக்னல் லைட் மினுக்கிக்கொண்டிருந்ததாம். “வளைவுல முறையா சிக்னல் போட்டிருக்காங்க” என்று முதலாளியே பொலிஸில் சொல்லியிருக்கிறார். அது முறைப்பாடா, பாராட்டா என்று எழுதிக்கொண்ட பொலிஸ்காரருக்குக் குழப்பம்.

பிள்ளைகளின் வழக்கை எல்லார் முன்னாலும் விசாரிப்பதில்லை. நீதவானின் தனி அறையில் நடந்தது. நீதவான் ஒரு பெண்மணி. தமிழ் ஓரளவு விளங்கும், ஆனாலும் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பாடசாலைக் கடிதத்தோடு நான் போயிருந்தேன். ஆயாம்மா வந்தது சுவெட்டர் கொடுக்க. அந்தக் குளிரில் ஆண்டியப்பன் வீட்டார் பிள்ளையை மெல்லிய சட்டையோடு கூட்டிப்போனதைக் கண்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்.

“இவளப் பொறுப்பெடுக்க ஆளிருந்தா கூட்டிட்டுப் போகலாம். இல்லாட்டி சீர்திருத்தப் பாடசாலைக்குத்தான் அனுப்பணும்னு சொல்றாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஆண்டியப்பன் தரையைப் பார்த்தார். “எங்களால முடியாதுங்க. எங்களுக்கும் நாலு புள்ள இருக்குங்க.”

அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் கோபம் வந்தது. தனுஷிகா யாரையும் பார்க்காமல் நின்றாள். அப்போதுதான் கதவோரத்திலிருந்து ஆயாம்மா சுவெட்டரோடு முன்னால் வந்தார்.

“ஆள் வராட்டி நாந்தாங்க கூட்டிட்டுப் போகணும்.”

நீங்கள் யார், சொந்தமா என்று நீதவான் கேட்டார். “சொந்தமெல்லாம் இல்லீங்க. பிள்ளைக்காம்பரா” என்றார் ஆயாம்மா, அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவையில்லாதவரைப் போல. நான்தான் விளக்கினேன். நன்னடத்தை உத்தியோகத்தர் யோகேஸ்வரி மிஸ்ஸும், சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் தகுந்த ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றார். வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். வழக்கின் அடுத்த தவணையில், மூன்று மாதத்துக்கு ஆயாம்மாவிடம் விடலாம் என்று உத்தரவு வந்தது.

“சரி, கூட்டிட்டுப் போகலாமாம்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஆயாம்மா நகரவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். பிள்ளையைக் கையில் கொடுத்தால்தானே வாங்கலாம்? எனக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. நீதவானுக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு சிரித்துக்கொண்டே எழுந்துவந்து, தனுஷிகாவின் கையைப் பிடித்து ஆயாம்மாவின் கையில் வைத்தார்.

இனி வீட்டுக் கதை. லோரன்ஸ் மாமா தன் ரேடியோவோடும் கம்பளியோடும் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குக் குடிபெயர்ந்தார். மரப்பலகையால் அதற்கு ஒரு மறைப்பும் அடித்துக்கொண்டார். “முப்பது வருஷமா கேக்காத ஸ்டேசனெல்லாம் இப்பத்தான் நிம்மதியா கேக்கிறேன்” என்பார். உள்ளே காம்பராவில் ஆயாம்மா நடத்தியதை அரசாங்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த பிள்ளை வளர்ப்பு ஐந்து வயதோடு முடிந்துவிடுகிறது. அதனால் தனுஷிகாவையும் ஐந்துக்குள்ளேயே அடக்கிவிட்டார். காலையில் திரிபோஷா சத்துமா உருண்டை. பாடசாலையில் நான் மறுபடி சேர்த்துக்கொண்டேன். விட்டவுடன் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, கைக்குழந்தைகளுக்கு நடுவே பாயில் படுத்து ஒரு மணிநேரம் தூங்க வேண்டும். எழுந்ததும் முகம் கழுவி, பவுடர்.

“மாஸ்டர், எனக்குப் பதினஞ்சு வயசு” என்று என்னிடம் வந்து முறையிட்டாள். “பவுடர் போட்டுட்டு நெத்தியில மையும் வைக்கிறாங்க.”

“எனக்கு முப்பத்தொண்ணு. என்னை நகத்தக் காட்டச் சொல்றாங்க” என்றேன்.

ஆனால் தூங்கினாள். அதுதான் வேடிக்கை. அந்தப் பிள்ளை எத்தனை வருஷத் தூக்கத்தை மிச்சம் வைத்திருந்ததோ தெரியாது, படுத்தவுடன் அடித்துப் போட்டமாதிரித் தூங்குவாள். விழித்திருக்கும் நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்கமாட்டாள். வரிசையாகத் தொங்கும் ஆறு தொட்டில்களையும் ஒரே கயிற்றில் கோர்த்து, ஒருமுறை இழுத்தால் ஆறும் ஆடும்படி செய்துவிட்டாள். ஆயாம்மா ஒரு நாள் முழுக்க ஏசினார். மறுநாள் அந்தக் கயிற்றைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு அரிசி பொறுக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கேட்டதற்கு, “அது பாட்டுக்கு ஆடுது” என்றார்.

மூன்றாவது வாரம் அவள் ஓடிப்போனாள். பாடசாலை விட்டதும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகவில்லை. நான் பதறிப்போய் ஆயாம்மாவைத் தேடி ஓடினேன். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போய் முடிந்திருந்தது. ஆயாம்மா கேட்டைத் திறந்துவைத்து, வாசல்படியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். பஜாரில் போய்த் தேடலாம் என்றேன். “நான் எங்க போறது? ஆள் வந்து பாக்கிற நேரம் நான் இங்க இருக்கணும்ல?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தனியாக பஜார் வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பினேன். தூறல். ஆயாம்மா அதே படியில்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், மேல் மலையிலிருந்து தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு தனுஷிகா இறங்கி வந்தாள். இரண்டு மணிநேரமாக அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காலெல்லாம் அட்டை.

“ஏன் வீட்டுக்குப் போகல?” என்று அவள்தான் முதலில் கேட்டாள். கேள்வியில் கோபம்தான் அதிகம்.

“ஒரு புள்ள பாக்கி இருக்கே. பூட்டிட்டுப் போகவா முடியும்?” என்றார் ஆயாம்மா. “காலக் காட்டு. உப்புப் போடணும்.”

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆயாம்மா அந்த அழகான காரியத்தைச் செய்தார்.

யோகேஸ்வரி மிஸ் வான் வண்டி கொண்டுவந்தார். தனுஷிகாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய், இப்படிப்பட்ட பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் உளவளத்துணை அம்மணியிடம் காட்டிவிட்டுச் சாயந்தரம் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். உத்தரவிலேயே இருக்கும் ஏற்பாடுதான். ஆயாம்மா கேட்டைத் திறக்கவில்லை.

“நீங்க குடுக்கலீங்களே, மிஸ். அந்த மேடம்தான குடுத்தாங்க?”

யோகேஸ்வரி மிஸ் பொறுமைசாலி. கடிதத்தைக் காட்டினார். கடிதத்துக்குக் கை கிடையாது என்று ஆயாம்மா சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து மிஸ் மறுபடி வந்தார். மறுபடியும் அதே கதை. வந்தவருக்குப் பிளேன்டீயும் பிஸ்கட்டும் கேட்டுக்கு மேலால் நீட்டப்பட்டன, பிள்ளை மட்டும் நீட்டப்படவில்லை. அவர் என்ன செய்வார் பாவம், நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினார். நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்ததால் ஆயாம்மா அதை என்னிடம் கொண்டுவந்தார். பொறுப்பாளர் ஒத்துழைக்காதபடியால் பிள்ளையை வேறிடத்தில் சேர்ப்பது பற்றி முடிவெடுக்க, பிள்ளையோடு வரும்படி திகதி போட்டிருந்தது.

இஸ்தோப்பில் வைத்துப் படித்துச் சொன்னேன். சொல்லி முடித்ததும் கத்தினேன். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக ஆயாம்மாவிடம் கத்தினேன்.

“பிள்ளைக்காம்பராச் சட்டத்தக் கொண்டுபோய் கோர்ட்டுச் சட்டத்தோட முட்டுறீங்களே. இப்ப அவள அந்தச் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்பப் போறாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ விட்டுக் குடுத்தா என்ன கெட்டுப்போகும்?”

ஆயாம்மா வழக்கமாகத் திருப்பி ஏசுவார். அன்று ஏசவில்லை.

“ஒரு தடவ விட்டுக் குடுத்தேன், ஜீவா.”

பிறகு சொன்னார். டிலானி குவைத்துக்குப் போன அன்றைக்குக் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்திருக்கிறாள். பயணம் என்று சொல்லவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. சாயந்தரம் வந்தது ஆண்டியப்பன். தாய் பறந்துவிட்டாள், இனி நாங்கள்தான் என்றார். பிள்ளை ஆயாம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றிருக்கிறது. “விரல் விரலா நாந்தான் பிரிச்சுவிட்டேன். அது போன போக்கப் பாத்தா, அன்னைக்கே கான்ல விழுந்த மாதிரித்தான் இருக்கு. இன்னொருக்கா என்னால முடியாது.”

பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றுபோயிருந்தது. காம்பராவின் கதவோரத்தில் தனுஷிகா நின்றிருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்காமலே கடிதத்தை மடித்து ஆயாம்மாவிடம் கொடுத்தேன்.

திகதி வந்தது. பஸ்ஸில் இறங்கியதிலிருந்து ஆயாம்மா பிள்ளையின் கையை விடவில்லை. நீதவானின் அறையில் யோகேஸ்வரி மிஸ் அறிக்கையை வாசித்தார். பிள்ளை பாடசாலைக்குப் போகிறாள், முறைப்பாடு ஏதுமில்லை என்பதையும் சேர்த்துத்தான் வாசித்தார். நேர்மையான மனுஷி. ஏன் வானைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று நீதவான் கேட்டார். ஆயாம்மா தன் முதல் சட்டத்தைச் சொன்னார், புருஷனைத் திருப்பி அனுப்பிய கதை உட்பட. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்ப, நான் கேட்டா குடுப்பீங்களான்னு கேக்கிறாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“அதுக்குத்தாங்க வந்திருக்கேன்” என்றார் ஆயாம்மா.

மேசையைச் சுற்றிப் போனார். தனுஷிகாவின் கையை எடுத்து நீதவானின் கையில் வைத்தார். பின்னால் வந்து நின்றுகொண்டார். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலையில் துடைத்தார்.

“குடுத்துட்டேங்க. குடுக்க மனசு இல்லீங்க. ஆனா சட்டம்னா சட்டந்தான?”

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று மாதமாகக் கட்டிக்காத்த பிள்ளையை, யாரும் பறிக்காமலே, தானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிற்கிறார் மனுஷி. சட்டத்தை மாற்ற அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

நீதவான் அந்தக் கையைப் பிடித்தபடியே தனுஷிகாவிடம் கேட்டார், அங்கே எப்படி இருக்கிறது என்று. அவள் கேள்விக்காகவே காத்திருந்தவள்போலத் தொடங்கினாள். மத்தியானம் தூங்க வைப்பது, திரிபோஷா, பவுடர், நெற்றி மை, எங்கே போனாலும் கையைப் பிடித்துக்கொண்டு போவது, மாஸ்டர் முன்னால் காது அழுக்கைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஆயாம்மா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“அப்படின்னா அங்க இருக்க விருப்பமில்லையா?” என்று நீதவான் கேட்டார்.

தனுஷிகா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“மேடம், இந்தக் கோர்ட்ட எத்தன மணிக்குப் பூட்டுவீங்க?”

நாலரைக்கு என்றார் மொழிபெயர்ப்பாளர், நீதவானைக் கேளாமலே.

“ஆயாம்மாவுக்கு இன்னொரு சட்டம் இருக்குங்க. பூட்டுற நேரத்துக்கு ஆள் வராத புள்ளய அவங்கதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.” அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவளின் குரல் இங்கே உடைந்தது. “எனக்கு ஆள் யாரும் வரலீங்க. அப்ப நான் அவங்களோடதான போகணும்?”

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று நீதவான் கையைக் காட்டினார், அவருக்கு விளங்கிவிட்டது. மணி அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் எழுந்து வந்து, பிள்ளையின் கையைப் பழைய இடத்திலேயே வைத்தார். தாய் வரும்வரை ஆயாம்மாவிடமே இருக்கட்டும் என்று உத்தரவானது. ஒரு நிபந்தனை: யோகேஸ்வரி மிஸ்ஸின் கையும் தன் கைதான் என்று ஆயாம்மா ஏற்க வேண்டும். ஆயாம்மா யோசித்தார். அப்படியானால் அந்தக் கையையும் தனக்கு முன்னால் தொட்டுக் காட்டும்படி கேட்டார். நாட்டின் நீதவான் ஒருவர், நன்னடத்தை உத்தியோகத்தரின் கையைத் தொட்டுக் காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது மாதம் இரண்டு தடவை வான் வருகிறது, கேட் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தனுஷிகா சுப்பிரமணியம் முதலாளியின் ஆட்டோவைக் கழுவிக் கொடுக்கிறாள். சாவி முதலாளியின் சட்டைப்பையில் இருக்கும். முதலாளி அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

டிலானி வருகிற சித்திரையில் வருகிறாளாம். ஆயாம்மா அவளுக்காக ஓர் ஏச்சைத் தயாராக வைத்திருக்கிறார், லேட்டாக வரும் எல்லாத் தாய்மாருக்கும் ஏசுகிற அதே ஏச்சு: “இதான் புள்ளயக் கூட்டிட்டுப் போற நேரமா?” பன்னிரண்டு வருஷத் தாமதத்துக்கு அது போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

“ஏசிட்டு, புள்ளயக் குடுத்துருவீங்களா?”

ஆயாம்மா கால்விரல் கயிற்றை ஒருமுறை இழுத்தார். ஆறு தொட்டிலும் ஆடின.

“குடுப்பேன். அவ கையில வாங்கினது, அவ கையிலதான குடுக்கணும். குடுத்துட்டு, கேட்டப் பூட்டிட்டு உள்ள உக்காந்து அழுவேன். உனக்கென்ன? சோக்குத் தூள் பட்ட கையோட புள்ளைங்க கிட்ட வராத, போய்க் கழுவு.”

போய்க் கழுவினேன்.